ஊசி வரிசையில் சொன்ன மந்திரம்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் தமிழ் மன்றத் தலைவர் வெங்கடேசன் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பெரியவர்களே, கணவரை இழந்து ஆறாவது நாளில் இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ருக்கு மாமி அவர்களே, ஈஜிபுராவிலிருந்தும் பொம்மனஹள்ளியிலிருந்தும் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லாருக்கும் துக்கத்தோடு என் வணக்கம்.

என் பெயர் சொர்ணம். அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் அறையில் நர்சாக இருக்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாவிட்டாலும் என் கை தெரியும். 

எனக்கு முன்னால் பேசியவர்கள் பெருந்தகை சுந்தரராமன் அவர்களைக் கடல் என்றார்கள், இமயம் என்றார்கள். மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சுந்தரராமன் சார் கடலும் இல்லை, இமயமும் இல்லை. எங்கள் மருத்துவமனை நடைபாதையில், பெஞ்சில் இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்ற மனிதர் அவர். எழுபது வயது. இரண்டு முழங்காலிலும் வலி. வந்த வேலையை முடிக்காமல் போகமாட்டார். அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் பேசி முடிக்கும்போது உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும்!

முதலில் ஒரு கேள்வி. காலையில் இந்த அரங்கத்துக்கு வந்தபோது சாருடைய படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் கறுப்புக் கயிறு குவித்து வைத்திருந்தது. நான் ஒலிபெருக்கிக்காரரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் தட்டு காலி! யார் வைத்தீர்கள்? யார் எடுத்தீர்கள்? அந்தக் கயிறு இப்போது எத்தனை பிள்ளைகளின் கையில் இருக்கிறது? எந்த மனிதர் தன் கடைசிக் காலம் முழுக்கக் கயிற்றை நம்பாதே என்று தொண்டை வறளச் சொன்னாரோ, அவர் படத்தில் வைத்தே கயிறு மந்திரித்து எடுத்துப் போகிறோம் என்றால் நம்மை என்னவென்று சொல்வது?

உட்காருங்கள். இன்னும் இருக்கிறது.

சாருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம். தாத்தா மைசூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். சாரும் மாநில அரசின் ஆவணக் காப்பகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், கன்னடம், சமஸ்கிருதம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. சொற்களின் பிறப்பைத் தேடிப் போவதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே அரங்கத்தில் சொற்பொழிவு நடத்துவார். வருகிறவர்களும் படித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள். காபி உண்டு, கைதட்டல் உண்டு. அதோடு, கன்னடம் படிக்கத் தெரியாத நம் ஆட்களுக்கு அரசாங்கக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையையும் செய்துகொண்டிருந்தார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமயந்தி என்று ஒரு பெண் கணவனின் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். கணவன் பெயர் பாலகுமார். வந்தவாசிப் பக்கம். பொம்மனஹள்ளியில் குடியிருந்து, வண்டியில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒரு சந்தில் தெருநாய் துரத்திக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்களா? இல்லை. அத்திபெலேயில் ஒருவர் நாய்க்கடிக்கு மந்திரித்துக் கயிறு கட்டுகிறார், அங்கே போ என்றார்கள். போனான். அந்த ஆள் கயிறு கட்டினார். கட்டிவிட்டு ஒரு பத்தியமும் சொன்னார். மீன் கறி ஆகாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, முக்கியமாக ஊசி போடக் கூடாது. ஊசி போட்டால் மந்திரம் முறிந்துவிடும்!

பாலகுமார் பத்தியத்தைக் கடைப்பிடித்தான். பிடிவாதமாகக் கடைப்பிடித்தான். முதலாளி அனுப்பிய டாக்டர் ஊசி போடக் கூப்பிட்டபோதுகூட, முறிந்துவிடும் சார் என்று மறுத்துவிட்டான். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

அந்த வியாதியை நான் பார்த்திருக்கிறேன். உங்களில் பலர் பார்த்ததில்லை. பார்க்காமலே இருங்கள். தமயந்தி இளநீர் வாங்கி வந்து டம்ளரில் ஊற்றினாள். அந்தச் சத்தத்துக்கே அவன் தொண்டை இறுகிக்கொண்டது. ஆனால் நினைவு இருந்தது. கடைசிவரை ஆளை அடையாளம் தெரிந்தது. ‘என்னா சிஸ்டர், எனக்கு என்னா ஆவுது?’ என்று என்னைக் கேட்டான். அந்த வியாதி தலைகாட்டிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. உலகத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கிடையாது. வருவதற்கு முன்னால் மட்டும்தான் ஊசி.

அவனுடைய சான்றிதழைத்தான் தமயந்தி கொண்டுவந்தாள். இந்த அரங்கத்து வாசலில் அன்றைய சொற்பொழிவின் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ‘மந்திரம்: சொல்லின் பிறப்பும் பொருளும்’. அவள் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து கேட்டாளாம்.

‘மந்திரத்தப் பத்திப் பேசுறவரு நீங்கதானா சார்?’

‘ஆமாம்மா.’

‘ஊசி போட்டா மந்திரம் முறிஞ்சிடுமா சார்?’

சார் சொன்னார். ‘முறியாதும்மா. அப்படி ஒண்ணும் கிடையவே கிடையாது.’

‘அத ஏன் சார் அன்னிக்கே யாரும் சொல்லல?’

அன்றைக்குச் சொற்பொழிவு நடக்கவில்லை. வந்திருந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் காலையில் ஊசி அறை வாசலில் சார் வந்து நின்றார். ‘சிஸ்டர், நான் டாக்டர் இல்லை, பூசாரியும் இல்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியும். இங்கே அதுக்கு ஏதாவது உபயோகம் இருக்கா பாருங்கோ’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊசி போட வந்தவனுக்கு அகராதி எதற்கு?

உபயோகம் இருந்தது!

வரிசையில் நிற்கிறவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பார். அத்திபெலே போய்விட்டு வந்தவர்கள் பத்தில் நாலு பேர் இருப்பார்கள். மாமியார் திட்டியதாலோ முதலாளி திட்டியதாலோ வந்திருப்பார்கள். முதல் ஊசியோடு ஓடிவிடுவார்கள், முறிந்துவிடும் என்ற பயத்தில். அவர்களிடம் சார் ஒரு சின்னப் பாடம் நடத்துவார். கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம்.

‘மந்திரம்’ என்ற சொல்லுக்கு வேர் ‘மன்’. நினைத்தல், யோசித்தல் என்று பொருள். நம் வாயில் புழங்கும் மனம், மனனம் என்கிற சொற்களெல்லாம் அந்த வேரில் வந்தவை. கூட இருந்து யோசனை சொல்கிறவர் மந்திரி. பின்னால் ஒட்டியிருக்கும் ‘திரம்’ என்பது கருவியைக் குறிப்பது. குடிக்க உதவுவது பாத்திரம். உடுக்க உதவுவது வஸ்திரம். அதுபோல யோசிக்க உதவுவது மந்திரம். பழைய ஈரானிய மொழியிலும் இதே சொல் கொஞ்சம் வேறு ஒலியில் இருக்கிறது, அங்கேயும் அது யோசித்துச் சொன்ன சொல்தான். சூனியம், கயிறு, தாயத்து எல்லாம் பின்னால் வந்து அந்தச் சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்தவை.

இதைச் சொல்லிவிட்டு, வரிசையில் நிற்கிறவரைப் பார்த்துக் கேட்பார். ‘பாத்திரம் தானா தண்ணி குடிக்குமாப்பா? நீதானே குடிக்கணும்? மந்திரமும் அப்படித்தான். அது உனக்காக யோசிக்காது. நீதான் யோசிக்கணும். யோசிச்சுப் பார்த்தா ஊசி வேணுமா வேண்டாமா?’

நான் ஒரு தடவை குறுக்கே புகுந்தேன். ‘சார், நினைப்பவரைக் காப்பதுதான் மந்திரம் என்று எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் குருக்கள் சொல்கிறாரே! அதையே சொல்லுங்களேன். காக்கும் என்று சொன்னால் இவர்களுக்குத் தைரியமாக இருக்கும்.’ சார் தலையை ஆட்டினார். ‘அந்த விளக்கம் எனக்கும் ரொம்பப் பிடிக்கும் சிஸ்டர். பெரியவா பக்தியில சொன்னது. ஆனா சொல் பிறந்த விதம் அது இல்லை. காக்கும்னு சொல்லித்தானே பாலகுமாரை அனுப்பினா?’ வசதியான பொய்யைக்கூடச் சொல்லமாட்டார். அப்படி ஒரு மனிதர் நமக்கு வாய்த்திருந்தார்!

ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘சரி சாமி, அப்ப நீங்களே மந்திரிச்சு விட்ருங்க’ என்றார்கள். சாமி இல்லப்பா, சார்னு கூப்பிடு என்பார். சரி சாமி என்பார்கள். மறுத்துப் பார்த்தார். மறுத்த அன்றைக்கு இரண்டு குடும்பம் வரிசையை விட்டு நேராக அத்திபெலே பஸ் ஏறியது. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

சின்ன வயதில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிரார்த்தனை ஒன்று. எங்கள் புத்தியை நல்ல வழியில் தூண்டு என்று கேட்கிற பழைய பிரார்த்தனை. அதை நாலு ஊசிக்கு நாலு துண்டாகப் பிரித்தார். முதல் ஊசிக்கு ஒரு துண்டு, அடுத்த ஊசிக்கு அடுத்த துண்டு. முதலில் தமிழில் பொருள் சொல்வார். அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மூலத்தைச் சொல்வார். கடைசி ஊசி அன்றைக்குத்தான் பிரார்த்தனை முழுசாகும். நடுவில் நிறுத்தினால் அரைகுறை.

வந்தார்கள்! கடைசி ஊசிவரை வந்தார்கள்! நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை. மூன்றாவது ஊசிக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்த என் அறை நிரம்பி வழிந்தது. காலையில் கதவைத் திறக்கும்போதே வாட்ச்மேன் ‘சாமி பந்த்ரா சிஸ்டர்?’ என்று, சாமி வந்தாச்சா என்று, கன்னடத்தில் கேட்பார். வேற்று மதத்துக்காரர்களும் வந்தார்கள். அவர்களுக்கு அவரவர் பிரார்த்தனையை நாலு துண்டாக்கச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஏழெட்டு வருஷத்தில் அந்த வரிசையில் நின்று பிழைத்தவர்கள் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஊர் அவரைச் சும்மா விட்டதா? சொந்தக்காரர்கள், கண்டவர்களுக்கும் சொல்லக் கூடாததைச் சொல்கிறான், அதையும் வெட்டிக் கூறு போடுகிறான் என்று விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மாமி அந்தச் சுமையைத் தாங்கியவர். இன்னொரு பக்கம், இதோ மேடையில் இருக்கும் நம் தலைவர், நம் வெங்கி அண்ணன், இதே ஒலிபெருக்கியில் சாரைக் கிழி கிழி என்று கிழித்தார். ‘கயிறை ஆஸ்பத்திரிக்குள்ளயே கொண்டாந்துட்டீங்க சார். இன்னைக்கு ஊசிக்குக் கூட்டம் வரும். நாளைக்கு நீங்க இல்லாட்டி ஊசியே வேணாம்பாங்க!’ என்றார். அண்ணா, அன்றைக்கு உங்களோடு நான் மல்லுக்கு நின்றேன். சார் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டதை அவர் மறக்கவில்லை. போன மாதம் மழையில் நனைந்துகொண்டு வந்தவர், ஊசி அறைக்குள் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். ‘சிஸ்டர், வெங்கி சொன்னது சரியோன்னு பயமா இருக்கு. நேத்து ஒரு அம்மா, நான் தொட்டுக் குடுத்தாத்தான் ஊசி பிடிக்கும்கறா. நான் யோசிக்கச் சொன்னேன். இவா என்னையே தாயத்தாக் கட்டிண்டுட்டா.’ நான் சமாதானம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அன்றிலிருந்து தான் சொல்வதை நிறுத்திவிட்டு, அவர்களையே சொல்லவைக்க ஆரம்பித்தார். நான் இல்லாமலும் வந்து ஊசி போட்டுக்கணும் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்க ஆரம்பித்தார். வேலை பாதியில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு. மாமி ஓடிவந்து தூக்குவதற்குள் உயிர் இல்லை.

அன்றைக்கு வரிசையில் எத்தனை பேர் இருந்தார்கள், தெரியுமா? சேதி வந்ததும் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள், தெரியுமா? அழுதார்கள். மார்பில் அடித்துக்கொண்டார்கள். அழுதுவிட்டு வரிசையிலிருந்து கலைந்து போனார்கள். ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ‘சாமி போயிட்டாரு, இனிமே எதுக்கு சிஸ்டர்?’ என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். சார் பயந்தது அவர் கட்டை வேகும் முன்பே நடந்தது!

ஐயோ, சார்! உங்களுக்கு நாங்கள் செய்த இறுதி மரியாதை இதுதான்.

போன் செய்தேன். வீடு வீடாகப் போனேன். வெங்கி அண்ணனும் கூட வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர். படியேறிப் படியேறிக் கெஞ்சினார். பெரும்பாலானவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு குழந்தை வரவில்லை.

ஸ்னேஹா. ஒன்பது வயது. ஈஜிபுராவில் ஆட்டோ ஓட்டும் கண்ணாவின் மகள். நாய் கடித்தது கன்னத்தில். முகத்தில் கடித்தால் ஆபத்து அதிகம், மூளைக்குப் பக்கம். கடைசி ஊசி பாக்கி. புதன்கிழமை போட்டிருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தில். இன்று காலை கண்ணா குழந்தையோடு இந்த அரங்கத்துக்கு வந்தான். படத்துக்கு முன்னால் குழந்தையை விழுந்து கும்பிட வைத்தான். பிறகு என்னிடம் வந்து கேட்டான்.

‘சிஸ்டர், சாமி படத்தாண்ட வச்சு மந்திரிச்சுட்டேன். போதும்ல? அவரு இல்லாம அந்த ஊசி புடிக்காது சிஸ்டர். கொயந்தைக்கு வலிதான் மிச்சம்.’

கண்ணா கெட்டவன் இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவன். மூன்று ஊசிக்கும் சவாரியை விட்டுவிட்டு வந்தவன். பாலகுமாரும் கெட்டவன் இல்லை, முட்டாளும் இல்லை. யாராவது தன்னைவிடப் பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினான். அந்த நம்பிக்கை அத்திபெலேக்காரர்மேல் இருந்தால் என்ன, சுந்தரராமன் சார்மேல் இருந்தால் என்ன? நோய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சாருடைய பெயரில் நூலகம் வைக்கலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. வையுங்கள். அவர் சொற்பொழிவுகளை அச்சில் கொண்டுவரலாம் என்றும் சொன்னார்கள். கொண்டுவாருங்கள். எனக்கு அவற்றில் மறுப்பு இல்லை. நான் கேட்பது வேறு. நாளைக் காலையிலிருந்து ஊசி வரிசையில் இந்த மன்றத்திலிருந்து ஒருவர் நிற்க வேண்டும். தினமும் வேறு வேறு ஆள். ஒருவரே நின்றால் அவரையும் சாமி ஆக்கிவிடுவோம். முதல் நாள் தான் நிற்பதாக வெங்கி அண்ணன் சொல்லியிருக்கிறார். பிரார்த்தனை சொல்லமாட்டாராம், சினிமா பேசுவாராம். பேசட்டும்! வருகிறவர்கள் கடைசி ஊசிவரை வந்தால் போதும்.

ஆனால் ஸ்னேஹாவுக்கு நாளை வரைக்கும் நேரம் கொடுக்க நான் தயாராக இல்லை. நாள் தள்ளிப் போனாலும் விட்டுவிடக் கூடாது, போய்த் தொடர வேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமையானாலும் அவசரப் பிரிவில் ஊசி உண்டு. கூட்டம் ஆரம்பிக்கும் முன் மாமியிடம் இதைச் சொன்னேன். பதிமூன்று நாள் முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தும் இங்கே வந்தவர் அவர். கேட்டதும் சொன்னார். ‘நானும் வரேன் சொர்ணம். எனக்கு அந்த மந்திரம் தெரியாது, பொம்மனாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தரலை. குழந்தை கையைப் பிடிச்சுண்டு நிக்கறேன்.’

கண்ணா, பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. தலையைக் குனியாதே. உன்னை அவமானப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. இவ்வளவு பேர் முன்னால் சொன்னால்தான் நீ தட்டமாட்டாய் என்று சொல்கிறேன். சார் இல்லாமல் அந்த மருந்து பிடிக்காது என்கிறாய். சார் இருந்தபோதும் அந்த மருந்தைப் போட்டது நான். அவர் கை ஒரு தடவைகூட ஊசியைத் தொட்டதில்லை. யோசித்துப் பார். யாரையும் கேட்காதே, படத்தைப் பார்க்காதே. நீயே யோசித்துப் பார். உன் மகளின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு யோசி.

பெரியோர்களே, அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நீங்கள் எழுந்து நின்று அதைச் செய்து முடியுங்கள். நான் அதற்கு இருக்கப் போவதில்லை. வெளியே வண்டி நிற்கிறது.

மாமி எழுந்துவிட்டார். கண்ணா, நீயும் எழுந்திரு.